கேட்டால் சொல்லுவார்

அவர் காரை முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

பானெட்டைத் திறக்கமாட்டார். டயரை உதைக்கமாட்டார். விற்க வந்தவர் சாவியை நீட்டியபடி நிற்க, இவர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து குந்தி உட்காருவார். கதவின் அடி விளிம்பில் மழைத்தண்ணீர் வடிவதற்கென்று சின்னதாக ஒரு துளை இருக்கும். அதன் வாயைச் சுண்டுவிரலால் ஒரு தடவு தடவி, விரலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். நற்கருணை வாங்குகிறவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும். பிறகு இடது பக்கமாகத் துப்பிவிட்டு, பாலில்லாத சாயாவில் வாய் கொப்பளித்து, ஒரே ஒரு சொல் சொல்வார். உப்பு என்பார், அல்லது இல்லை என்பார். அந்த ஒரு சொல்லில் வண்டியின் விலை பாதியாகும், அல்லது நிற்கும்.

"கடல் நடுவுல உக்காந்துக்கிட்டு உப்பு இல்லாத வண்டி தேடுறீங்களே அண்ணாச்சி" என்று முதல் முறை பார்த்தபோது சிரித்தேன்.

"காத்துல வாற உப்பு வேற தம்பி. அது தோலுல கிடக்கும், ஒரு மழைக்குப் போயிரும். வண்டி குடிச்ச உப்பு எலும்புல கிடக்கும். துருவ எவனும் பாத்துருவான். துரு வாறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே உப்பு வந்து உக்காந்துருக்கும். அதுக்குத்தான் நாக்கு."

எங்கள் தீவுத் தலைநகரின் அபர்டீன் பஜாரிலிருந்து கடலை நோக்கி இறங்கும் சரிவில், பழைய மரக் கிடங்கு ஒன்றில் அவர் இருந்தார். தகரக் கூரை. உள்ளே எப்போதும் ஒரு பச்சை இருட்டு. அந்த இருட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று கார்கள், மூக்கைச் சுவரோடு வைத்துக்கொண்டு, தண்டனைக்கு நிற்கும் பிள்ளைகளைப்போல. மாற்றலாகிப் போன அதிகாரிகள் விட்டுப்போன அம்பாசிடர்கள், மாயாபந்தர் பக்கம் மரம் இழுத்து ஓய்ந்த ஜீப்புகள், யாரோ ஒரு டாக்டரின் மூன்று கியர் வண்டி. கப்பலில் வந்தவை, கப்பல் ஏறித் திரும்பாதவை. ஒரு காரை மெயின்லேண்டுக்கு ஏற்றுவதற்கான காகிதங்களும் காத்திருப்பும் அந்தக் காரின் மதிப்பைவிடக் கனமானவை என்பதால் மனிதர்கள் போனார்கள், வண்டிகள் இங்கேயே நின்றன. வெளியே பலகையில் 'கிளாசிக் கார்ஸ்' என்று இந்தியில் எழுதியிருக்கும். சுற்றுலா வந்தவர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஊரின் பெயரே மாறி, பேருந்துகளின் நெற்றியில் புதுப்பெயர் ஏறிய பிறகும் அந்தப் பலகை மாறவில்லை.

தமிழர்களுக்கு அவர் அண்ணாச்சி. வங்காளிகளுக்கு தாதா. தெலுங்கு மீன்காரர்களுக்கு சேட். திருநெல்வேலிப் பக்கம் ஏதோ ஓர் ஊர். எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அதுதான் அவர். அந்த ஒரு வாக்கியம்தான். தமிழில் வருகிறவனிடம் "கேட்டா சொல்லுவேன்" என்பார். மற்றவர்களிடம் தீவு இந்தியில் "பூச்சேகா தோ போலேகா" என்பார். பொருள் ஒன்றுதான்: கேள், சொல்கிறேன். கேட்காததைச் சொல்லமாட்டார், கேட்டதை மறைக்கமாட்டார். முப்பது வருடம் பழைய கார் விற்ற ஒரு மனிதர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்றால் மெயின்லேண்டில் நம்பமாட்டார்கள். நான் நம்புகிறேன். அந்த உண்மையைச் சுமக்கிறவர்களில் ஒருவன் நான்.

ஒருமுறை நான் அங்கே சாயா குடித்துக்கொண்டிருந்தபோது வங்காளி வாத்தியார் ஒருவர் வந்தார். சிவப்பு ஜீப் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஏற்கெனவே யாரிடமோ பட்டவர் போலிருக்கிறது. ஒவ்வொன்றாகக் கேட்டார். கியர் பாக்ஸ்? "மூணாவது கியர் தானா வெளிய வந்துரும்." ரேடியேட்டர்? "ரெண்டு ஒட்டு." சேஸிஸ்? "இடது பக்கம் வெல்டிங்." முன்னாடி ஓட்டினவர்? "குடிகாரன்." வாத்தியார் திகைத்துப்போய், "தாதா, நீங்க விக்க உக்காந்துருக்கீங்களா, இல்லாட்டி தடுக்கவா?" என்று இந்தியில் கேட்டார். "நீங்க கேட்டிய, நான் சொன்னேன்" என்று இவர் தமிழிலேயே சொல்லி, அவருக்கும் ஒரு சாயா ஊற்றிக் கொடுத்தார். அன்று மாலையே அந்த ஜீப்பை, எதுவும் கேட்காத ஒருவர், நிறம் பிடித்திருக்கிறது என்று ஓட்டிக்கொண்டு போனார்.

வாங்கினவர் போன பிறகு அண்ணாச்சியிடம் கேட்டேன், "ஏன் அண்ணாச்சி, ரெண்டு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"ஆரம்பத்துல சொல்லிப் பாத்தேன். கேக்காதத சொன்னா ஒருத்தனும் நம்பல. வேற எதையோ மறைக்கத்தான் இதச் சொல்லுதான்னு நெனைக்கான். கேட்டவன் மட்டும்தான் நம்புதான்."

அந்தப் பதிலில் ஒரு மயக்கம் இருந்தது. எனக்குப் பிடித்துப்போனது. சொற்களில் மயங்குகிறவன் நான். அது என் வியாதி.

அவரை வெறுக்க வசதியாக அவர் ஒரு கெட்ட மனிதராக இருந்திருக்கலாம். இல்லையே. ஒரு பெரிய பிஸ்கட் டின் வைத்திருந்தார். வாங்குகிற காரின் சீட்டிடுக்கில் அகப்படுவதெல்லாம் அதில் போகும். ஒற்றைக் கொலுசு, குழந்தையின் ஷூ, படிப்புச் சான்றிதழ், பாதி தேய்ந்த உதட்டுச்சாயம். உடையவர்களின் மெயின்லேண்டு விலாசத்தைத் தேடிப் பிடித்து, பழுப்புத் தாளில் சுற்றி, கப்பலில் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார். ஒரு குழந்தை ஷூவுக்காக மூன்று மாதம் விலாசம் தேடினார். "அந்தப் பிள்ளைக்கு இப்பம் கால் வளந்துருக்கும் அண்ணாச்சி" என்றேன். "வளரட்டும். அது அதோட ஷூ" என்றார்.

நான் ஏன் அந்தக் கிடங்குக்குப் போனேன் என்பதைச் சொல்லவேண்டும். சொல்லக் கூசுகிறது.

என் அப்பா வலைக்காரர். தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்தவர். ஜங்லிகாட் படகுத்துறையில் அவர் இறக்கிய மீனை நான் கூடையில் சுமந்து அதிகாரிகளின் குடியிருப்புக்குக் கொண்டுபோவேன். அப்படியே பள்ளிக்கூடம். ஒரு மழைக்காலையில் பள்ளி வாசலில் மோர் நிறத்தில் ஒரு பத்மினி கார் நின்றது. பின்சீட்டில் என் வகுப்புப் பையன். நான் பக்கத்தில் போனதும் அவன் கண்ணாடியைச் சுழற்றி மேலே ஏற்றினான். கோபமில்லாமல், மூக்கைப் பிடிக்காமல், சும்மா, ஒரு வழக்கத்தைப்போல. கண்ணாடி ஏற ஏற என் முகம் அதில் ஏறியது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை எலுமிச்சம்பழம் தேய்த்தேன் இந்தக் கைகளில். அரசு அலுவலகத்தில் எழுத்தரானேன், சட்டைக்கு வாசனை அடித்தேன், வீட்டில் கருவாடு வறுக்கும் நாளில் ஜன்னலைச் சாத்தினேன். நாற்பத்தைந்து வயதில் அந்தக் கிடங்கின் பச்சை இருட்டில் மோர் நிறத்தில் ஒரு பத்மினியைப் பார்த்தபோது, வாங்கவேண்டியது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கார் அல்ல. அந்தக் கண்ணாடியின் மறுபக்கம்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் மனைவி செலினுக்குத் தெரியும். அங்கன்வாடிகளை மேற்பார்க்கும் வேலை அவளுக்கு. ஊர் ஊராகப் போகவேண்டும். அவளும் வந்திருந்தாள்.

நான் கேள்விகள் கேட்டேன். எப்படிப்பட்ட கேள்விகள்! இந்த வண்டியின் முதல் உடையவர் யார்? ஒரு வன அதிகாரி. எந்தக் கப்பலில் வந்தது? சொன்னார். இதில் கல்யாணம் நடந்ததா? "ரெண்டு பொண்ணு இதுலதான் ஏறிப் போச்சு." இவ்வளவு வருடத்தில் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்? அதற்கு அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதிவைத்தேன்: "தீவுல ஓடுன வண்டி தம்பி. எங்க போனாலும் முன்னாடி கடல். திரும்பித் திரும்பி ஓடுன தூரந்தான்."

பிறகு முக்கியமானதைக் கேட்டேன். இந்தத் தீவில் பழைய வண்டி வாங்குகிற எவனும் கேட்பது. "சுனாமியப்போ இது எங்க நின்னுச்சு?" செலினின் அண்ணன், கார் நிக்கோபார் தீவில், அந்த டிசம்பர் காலையில் கடலோடு போனவர். அந்தத் தண்ணீர் புகுந்த எதையும் அவள் தொடமாட்டாள், ஒரு பீரோவைக்கூட.

"மாயாபந்தர்ல. மேட்டுல. ஒரு சொட்டுத் தண்ணி படல" என்றார். உண்மை. பிறகு விசாரித்தபோதும் அது உண்மையாகவே இருந்தது.

நான் டிக்கியைத் திறந்தேன். சுத்தமாகக் கழுவி, புது ரப்பர் விரிப்பு போட்டிருந்தார்கள். விரிப்பின் அடியிலிருந்து மெல்லிசாக ஒன்று எழுந்து வந்தது. எனக்கு அது பழக்கமான ஒன்று. என் பள்ளிச் சட்டையின் வாசனை. பனிக்கட்டி உருகி, மீன்ரத்தமும் உப்பும் சேர்ந்து, இரும்புக்குள் போய்ப் படுத்துக்கொண்ட வாசனை.

செலின் பக்கத்தில் வந்து குனிந்தாள். "என்னங்க, மீன் வாட அடிக்குதே. கேளுங்களேன், மீன் ஏத்துன வண்டியான்னு."

"இந்தத் தீவுல எதுலதான் மீன் வாட இல்ல" என்று சொல்லி டிக்கியைச் சாத்தினேன்.

அவர் மூன்றடி தள்ளி நின்று, கையில் சாயா தம்ளருடன், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருந்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான் வாயைத் திறந்தால் போதும். ஆனால் மீனைப் பற்றிக் கேட்கிறவன் மீனை அறிந்தவனாகிவிடுவான் அல்லவா? பத்மினி வாங்க வந்த கனவான் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டான். நான் கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஏழு மாதம் அது எங்கள் வாசலில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில் இறங்கும்போது நான் கண்ணாடியை முழுக்க இறக்கிவைத்திருப்பேன், எல்லோரும் பார்க்க.

எட்டாவது மாதம், ஜங்லிகாட் இறக்கத்தில், பட்டப்பகலில், பிரேக் பெடல் செலினின் காலோடு தரைக்குப் போனது. கீழே பேருந்து நிறுத்தத்தில் ஆட்கள். அவள் வண்டியைச் சுவரில் ஒதுக்கினாள். ஒதுக்கினாள் என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், மோதினாள் என்று யாரும் சொல்லவில்லை. வலது தோள் நொறுங்கியது. தகடு வைத்தார்கள். கை திரும்ப வந்தது, நெஞ்சு உயரம் வரைக்கும். அதற்கு மேலே எழும்பாது. அவளுக்கு இடுப்பைத் தொடும் முடி. அதனால் இத்தனை வருடமாகக் காலையில் நான் அவளுக்குச் சடை பின்னுகிறேன். அவள் ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். அந்தப் பத்து நிமிடமும் அவள் முகத்தை நான் பார்க்கவேண்டியதில்லை.

மெக்கானிக் எனக்கு ஒரு துண்டுக் குழாயைக் காட்டினார். டிக்கியின் அடியில் ஓடும் பிரேக் ஆயில் குழாய். இரண்டு விரலால் அழுத்தினார், ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. பழைய வண்டிகளில் ஓரிடத்தில் குழாய் போனால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும் என்றார்.

உதிராமல் மிஞ்சிய துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கிடங்குக்குப் போனேன். எதையெல்லாம் சொல்லப்போகிறேன் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அவர் குழாயை வாங்கினார். வழக்கம்போல விரலால் தடவி நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"மீன்" என்றார்.

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அதிகாரி வித்த பெறகு எட்டு வருசம் மீன் ஏத்துன வண்டி. ஐஸ் தண்ணி முழுக்க டிக்கியிலதான் வடிஞ்சுருக்கு. நான் வாங்கையிலேயே உப்புன்னு சொல்லித்தான் வாங்குனேன்."

"ஏன் அண்ணாச்சி சொல்லல?"

"நீங்க சுனாமியக் கேட்டிய. மீனக் கேக்கல." அவர் குரலில் எகத்தாளம் இல்லை. இருந்திருந்தால் அடித்திருப்பேன், எனக்கும் ஆறியிருக்கும். "கேப்பியன்னுதான் நெனச்சேன் தம்பி. டிக்கியத் தொறந்து ரெண்டு நிமிசம் நின்னிய. கடக்கரை ஆளு. ஒங்க மூக்குக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நான் பாத்தேன். அம்மாவும் கேக்கச் சொன்னாவ. நீங்க டிக்கிய மூடிட்டிய."

குழாயைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் அழைக்கவில்லை. ஒன்பது நாள், தினமும் பகலில், தூக்குவாளியில் கஞ்சியும் துவையலும். செலின் குடித்தாள். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, அவள் தலையணையில் சாய்ந்தபடி நேராகக் கேட்டாள்: "அண்ணாச்சி, தெரிஞ்சுதான் வித்தியளா?"

"ஆமாம்மா."

அவள் இன்னும் ஒரு மடக்குக் கஞ்சி குடித்தாள். "இனிமேயாவது கேக்கமுன்ன சொல்லிருங்க."

அவர் உண்மையிலேயே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, பெரிய கணக்குப் போடுகிறவர் மாதிரி. பிறகு தலையை ஆட்டினார். "பழக்கமில்லம்மா."

செலின் சிரித்துவிட்டாள். தோள் வலியில் முகம் சுளித்துக்கொண்டே சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் அவருக்கு மன்னிக்கவில்லை. அவளை நொறுக்கியதைவிட அவளைச் சிரிக்கவைத்ததை. என்ன மனம் இது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியவில்லை.

நொறுங்கிய பத்மினி எங்கள் வாசலில் தார்ப்பாயின் கீழே வருடக்கணக்கில் கிடந்தது. விற்க எனக்கு மனமில்லை, பார்க்கவும் தைரியமில்லை. மழைநீர் தார்ப்பாயில் குளமாகி, அதில் கொசு முட்டையிட்டது. உலகமே வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்த அந்தக் காய்ச்சல் காலமும் வந்து போனது. அவருக்கும் காய்ச்சல் வந்தது, பிழைத்துக்கொண்டார், ஆனால் நாக்கு போய்விட்டது என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். சிலருக்கு ருசி திரும்பியது, அவருக்குத் திரும்பவேயில்லை. சாயாவும் வெந்நீரும் அவருக்கு ஒன்றாகிவிட்டது. கேட்டபோது எனக்குள் ஏதோ ஒன்று மெல்லக் கைதட்டியது.

ஒருநாள் செலின் சொன்னாள், "அந்தக் காரு ஜன்னல மறைக்குது. அண்ணாச்சிட்டச் சொல்லுங்க, எடுத்துட்டுப் போகட்டும்." லாரி அனுப்பி எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் போன் செய்தார். "வண்டிக்குள்ள உங்க சாமான் கிடக்கு. ரெண்டு பேரும் வந்து வாங்கிக்கிடுங்க. பேப்பர்லயும் அம்மா கையெழுத்து வேணும்."

போனோம். பிற்பகல், கடலிலிருந்து வெளிச்சம் சாய்வாகத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பிஸ்கட் டின்னிலிருந்து இரண்டு பொருட்களை எடுத்து செலினின் இடதுகையில் வைத்தார். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை. சீட்டுக்கடியில் விழுந்த அவளுடைய கொண்டை ஊசி. அவள் கொண்டை ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துருப்பிடித்திருந்தது.

கிடங்கு வாசலில் ஒரு பச்சை ஜீப் நின்றது. பக்கத்தில் அதை விற்க வந்த கான்ட்ராக்டர், வடக்கே ரங்கத் ஊரிலிருந்து ஓட்டி வந்தவர், "எக்தம் ஃபர்ஸ்ட் க்ளாஸ், கடல் பக்கமே போனதில்ல" என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். கிழவராகிவிட்டிருந்தார். சட்டையின் மேல் பட்டன் மாறிப் போட்டிருந்தது.

"தம்பி, ஒரு உதவி. எம் பொண்ணுக்குப் பாக்கேன். கைப்பிள்ளையோட மாயாபந்தர்ல இருக்கா. ஆஸ்பத்திரிக்கு, அங்க இங்கன்னு அலையுதா. இந்த ஜீப்ப அவளுக்குக் குடுக்கலாம்னு. எனக்கு நாக்கு செத்துப்போச்சு. மெக்கானிக்குகளுக்குத் துருதான் தெரியும். உப்பு பாக்க நம்பி ஒரு ஆள் இல்ல." சிரித்தார், முதல் முறையாகக் கெஞ்சலாக. "உங்களுக்குத் தெரியும். கடக்கரை நாக்கு."

கடற்கரை நாக்கு. கான்ட்ராக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கோ ஒரு கண்ணாடி மெதுவாக மேலே ஏறியது.

குந்தினேன். கதவின் அடி விளிம்பில், வடிதுளையின் வாயில், சுண்டுவிரலால் தடவினேன். நாக்கில் வைத்தேன்.

உப்பு. சந்தேகத்துக்கு இடமே இல்லாத, எலும்பில் ஊறிய, கடல் குடித்த உப்பு. இந்த ஜீப் எங்கோ ஒரு கரையில் படகை இறக்கி ஏற்றித் தண்ணீரில் நின்றிருக்கிறது, வருடக்கணக்கில். நாக்கில் அந்தக் கதை முழுக்க இருந்தது. இவ்வளவு தெளிவாக ஒரு பக்கத்தை நான் என் வாழ்நாளில் படித்ததில்லை.

"உப்பு இருக்கா தம்பி?" என்று கேட்டார். நேரான கேள்வி. நான் அவரிடம் ஒருநாளும் கேட்காத மாதிரியான கேள்வி.

ஒரு பெண் தெரிந்தாள் எனக்கு, மடியில் குழந்தையோடு, ஏதோ ஓர் இறக்கத்தில். தெரியவில்லை என்று சொல்லமாட்டேன். நன்றாகவே தெரிந்தாள்.

"இல்ல" என்றேன்.

கான்ட்ராக்டர் கையைத் தட்டினார். "தேக்கா? போலா தா நா?" சொன்னேனா இல்லையா என்று அவருக்கு மகிழ்ச்சி. அண்ணாச்சியின் முகம் தளர்ந்தது. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். கேட்டவன் நம்புவான் என்று அவர்தானே சொன்னார்.

செலின் ஜெபமாலையை என் கையில் கொடுத்தாள். குந்தினாள். வலது கை உதவாததால் சமநிலை தவறி, இடது கையைத் தரையில் ஊன்றி, பிறகு அதே இடதுகைச் சுண்டுவிரலை நான் தடவிய அதே இடத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தடவினாள். நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள்.

"உப்பு, அண்ணாச்சி. நல்லா இருக்கு உப்பு. பச்சப்பிள்ளக்காரிக்கு இதக் குடுத்துராதீங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கடலில் ஏதோ ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. பிறகு அவர் கான்ட்ராக்டரிடம் திரும்பி, "லே ஜாவ் பாய். நமக் ஹை" என்றார். எடுத்துக்கொண்டு போ, உப்பு இருக்கிறது. கான்ட்ராக்டர் கத்தினார், கடவுள்களை எல்லாம் இழுத்தார், கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

அண்ணாச்சி மூன்று தம்ளரில் சாயா ஊற்றினார். எனக்கும் கொடுத்தார், அதே கையால். அவர் கேட்டிருக்கலாம். "ஏன் தம்பி?" என்று இரண்டு சொல். நான் காத்திருந்தேன், ஒருகாலத்தில் அவர் சாயா தம்ளருடன் எனக்காகக் காத்திருந்ததைப்போல. அவர் கேட்கவில்லை. செலினிடம் மகளைப் பற்றிப் பேசினார், பிள்ளைக்குப் பல் முளைப்பதைப் பற்றிச் சொன்னார். செலின் கேட்காததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததேயில்லை.

போன வருடம் மகள் பேரப்பிள்ளையோடு அவரையும் கூட்டிக்கொண்டு மெயின்லேண்டுக்குக் கப்பலேறிவிட்டாள். அவர் கையில் பிஸ்கட் டின் மட்டும். கிடங்கில் இப்போது வாடகை ஸ்கூட்டர்கள். அவர் இருக்கிறாரா, இல்லையா தெரியாது. முப்பது வருடம் பொய் சொல்லாமல் எத்தனை பேரின் தோளை நொறுக்கினார் என்று எழுதி அவரை ஒரு ஓரத்தில் நிறுத்திவிடலாம் என்றுதான் இதைத் தொடங்கினேன். பாதி வழியிலேயே அந்த ஓரத்தில் வேறு ஒருவன் நிற்பது தெரிந்துவிட்டது.

அன்று வீடு திரும்பும் ஆட்டோவில் செலின் என் பக்கம் திரும்பவில்லை. கொண்டை ஊசியை விரல்களுக்குள் வைத்து உருட்டிக்கொண்டே வந்தாள். மறுநாள் காலை வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் சீப்பை எடுத்தேன். மூன்றாகப் பிரித்தேன். அவள் மூச்சை இழுத்தாள், ஏதோ தொடங்குகிறவள்போல. என் கை நின்றது. பிறகு அவள் மூச்சை விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் அந்தப் பத்து நிமிடம் அப்படித்தான் போகிறது. அவள் இன்னும் கேட்கவில்லை.

கேட்டால் சொல்லுவேன்.